பல்லும் சொல்லும்

"பல் போனால் சொல் போச்சு" என்பது எழுத்தறியாதாரும் அறிந்த பழமொழி. பல் போனால் உணவு போயிற்று என்னாது, சொல் போயிற்று என்று கூறிய நம் முன்னோரின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. விலங்கினுக்குப் பல் இரைக்கும் போருக்கும் உரியது. மனிதனுக்கோ அது மொழியைப் பிறப்பிக்கும் கருவிகளுள் ஒன்று. ஆதலினாலேயே தமிழாசிரியனாகிய யான், வைத்தியருக்குரிய ஒரு பொருளைப்பற்றி இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடை எலும்பில் உலோக வேர் ஒன்றை ஊன்றி, அதன்மேல் பல்முடி அமைக்கும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஊன்றப்படும் வேரை 'இம்பிளான்ட்' என்றும், அதன்மேல் அமையும் முடியைக் 'கிரவுண்' என்றும் வைத்தியர் வழங்குவர். நம் பழைய மாணவருட் பலர் இதனைக் கேள்வியுற்றிருப்பர். சிலர் செய்துகொண்டும் இருப்பர். அம்முறை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு செய்யப்படுகின்றது, யாருக்கு ஏற்றது, ஊவா மலைநாட்டிலே வாழும் நமக்கு அதனினும் முற்பட வேண்டுவது யாது என்பனவற்றை எளிமையாக எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துப் பிறப்பிற் பல்லின் பங்கு

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலிலே, உந்தியிலிருந்து எழுகின்ற காற்று எட்டு இடங்களைச் சார்ந்து எழுத்தொலியாகப் பிறக்கின்றது என்று காட்டுகின்றார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பன அவ்வெட்டு இடங்கள். மேற்பல்லின் அடியை நாவின் நுனி பரந்து பொருந்தும்போது தகரமும் நகரமும் பிறக்கும். நாவின் விளிம்பு அவ்விடத்தைச் சாரும்போது லகரம் பிறக்கும். பல்லும் இதழும் இயையும்போது வகரம் பிறக்கும். அப்பல் மேற்பல் என்பதை நன்னூலார் தெளிவுறுத்துவர்.

தமிழ் என்னும் பெயரின் முதலெழுத்தே பல்லின் துணையால் எழுவது. தாய், தந்தை, நாடு, நன்றி, வணக்கம், வாழ்த்து என்று நாம் போற்றுஞ் சொற்கள் எத்தனை பல்லை வாயிலாகக் கொண்டு வெளிவருகின்றன! பல் என்னும் சொல்லும் தன் ஈற்றெழுத்துக்குப் பல்லையே நாடி நிற்கின்றது.

இவ்விலக்கணத்தை யான் பயின்றது ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில். அதன் உண்மையை உணர்ந்தது, என் நாற்பத்து மூன்றாம் வயதில் மேல்வாயின் முன்பற்கள் இரண்டும் ஆடி ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தபோது. ஆறாம் வகுப்பிலே சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தேன். "வாடை" என்றேன், பின் வரிசைப் பிள்ளைகள் "ஆடை" என்று எழுதினர். "வயல்" என்றேன், "அயல்" என்று எழுதினர். பிழை திருத்த அமர்ந்தபோதுதான் பிழை பிள்ளைகளுடையதன்று, என்னுடையது என்பது விளங்கிற்று. சிவப்பு மையைத் தொடாது கொப்பிகளை மூடிவைத்தேன். அன்று தொடங்கியதே பல்லைப்பற்றிய என் படிப்பு.

பல் நிற்கும் விதம்

வளர்ந்த மனிதனுக்கு 32 பற்கள் உள. வெட்டும்பல் 8, வேட்டைப்பல் 4, முன்கடைவாய்ப்பல் 8, கடைவாய்ப்பல் 12. வாயில் வெளிப்படத் தெரியும் பகுதி முடி. தாடை எலும்பினுள் மறைந்திருப்பது வேர். முடியைப் போர்த்திருக்கும் மிளிரி மனித உடலின் பொருள்கள் அனைத்திலும் வன்மை மிக்கது. அதனுள்ளே பன்முதல் என்னும் பகுதியும், அதன் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் அடங்கிய கூழும் அமைந்துள்ளன.

பல் எலும்பிலே ஆணிபோல் அறையப்பட்டு நிற்பதன்று. வேருக்கும் எலும்புக்குமிடையே நுண்ணிய நார்கள் ஓடுகின்றன. ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு அளவே தடிப்புள்ள அந்நார்ப்படலம் பல்லை ஊஞ்சற் கயிறுபோலத் தாங்குகின்றது. சோற்றிலே ஒரு சிறு கல் அகப்பட்டால் உடனே கடிப்பதை நிறுத்துகின்றோமல்லவா? அந்த உணர்வைத் தருவது இப்படலமே. எலும்பையும் பல்லின் கழுத்தையும் மூடிக் காவல் செய்வது ஈறு. யாழ்ப்பாணத்தார் அதனை முரசு என்பர்.

இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். எலும்பு பல்லைத் தாங்குகின்றது. பல்லும் எலும்பை வாழவைக்கின்றது. பல் போன இடத்தில் எலும்பு நாளடைவிற் கரையும். ஒரு பல்லைப் பிடுங்கிய ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பு விளிம்பின் அகலத்திற் பாதியளவு குறையக்கூடும். பற்கள் யாவும் போன முதியோரின் கன்னம் ஒட்டி, மோவாய் முன்வந்து தோன்றுவது இதனாலேயே.

பல் ஏன் விழுகின்றது?

பல் இழப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று சொத்தை; இனிப்பை உண்ணும் கிருமிகள் விடும் அமிலம் மிளிரியைக் கரைத்துக் குழியாக்குவது. மற்றொன்று ஈற்று நோய். சொத்தை வலித்து நம்மை எச்சரிக்கும். ஈற்று நோயோ பெரும்பாலும் வலியின்றியே நடந்தேறும்.

பல்லின்மேல் நாள்தோறும் கிருமிகளாலான மெல்லிய படலம் ஒன்று படிகின்றது. அதனை நீக்காதுவிட்டால் யாது நிகழும் என்பதை 1965ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டறிஞரும் அவர் துணைவரும் ஆராய்ந்தனர். நலமான ஈறுடைய பன்னிருவர் தாமாகவே முன்வந்து பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று கிழமைகளுக்குள் அனைவரின் ஈறும் சிவந்து வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு கிழமையில் ஈறு பழைய நிலையை அடைந்தது. ஈறு வீங்குவதன் காரணம் அப்படலமே என்பது அதனால் உறுதியாயிற்று.

படலம் நீங்காது நின்றாற் காறையாக இறுகும். ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போலாகும். பின்னர் நார்கள் அறுந்து, எலும்பு கரையும். துலக்கும்போது குருதி கசிவதும், வாய் நாறுவதும், பல் நீண்டதுபோலத் தோன்றுவதும் இந்நோயின் அடையாளங்கள். என் ஈற்றிலும் பல ஆண்டுகளாகக் குருதி கசிந்ததுண்டு. தூரிகை முரடு என்று எண்ணி வாளாவிருந்தேன்.

உலகுக்குப் பாடமான தேயிலைத் தொழிலாளர்

பல் வைத்தியம் பயிலும் மாணவர் உலகின் எந்நாட்டிற் படித்தாலும் 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்' என்னும் தொடரை ஒருமுறையேனும் சந்திப்பர். அதன் வரலாறு நாம் அறியவேண்டியது.

ஈற்று நோய் சிகிச்சையேதும் பெறாத மனிதரிடத்தில் எவ்வாறு வளர்கின்றது என்பதை அறிய லோவும் அவர் துணைவரும் விரும்பினர். 1969ஆம் ஆண்டில் நோர்வேயின் ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்வியாளருமாகிய 565 ஆண்களைச் சோதித்தனர். அவர்கள் இளமை தொட்டே ஒழுங்கான பற்சிகிச்சை பெற்றவர்கள். 1970ஆம் ஆண்டில் நம் இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, இரு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரைச் சோதித்தனர். ஊவாத் தோட்டங்களில் நம் மக்கள் வாழும் அதே லய வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் பல் துலக்கும் தூரிகையை அறியாதவர்கள். நோய் தடுக்கும் முறையோ சிகிச்சையோ எட்டாதவர்கள். ஆராய்ச்சியாளர் 1985 வரை இடையிடையே வந்து அதே மனிதரைச் சோதித்துக் குறித்துக்கொண்டனர்.

கண்ட முடிவு யாது? அவர்களுக்குச் சொத்தை இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் ஈறு வீங்காதவர் இல்லை. நாற்பது வயதை அணுகும்போது பல்லைப் பற்றிநிற்கும் பிடிப்பில் ஒஸ்லோவினர் இழந்தது சராசரி ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. தோட்டத்தார் இழந்தது நாலரை மில்லிமீற்றர்.

1986ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் தோட்டத்தாரை மூன்று வகையாகப் பிரித்தனர். நூற்றுக்கு 11 பேரிடம் நோய் ஈற்று வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 பேரிடம் மெல்ல வளர்ந்தது. 45 வயதில் சராசரி ஏழு பற்கள் போயின. 8 பேரிடம் விரைந்து வளர்ந்தது; 35 வயதில் 12 பற்களும், 40 வயதில் 20 பற்களும் போய், 45 வயதில் வாய் முற்றும் பல்லிழந்தது. ஒரே தோட்டத்தில் ஒரே வாழ்க்கை வாழ்வோருள்ளும் நோய் ஒருவரை விட்டு ஒருவரை வாட்டுகின்றது என்பது உலகம் இவ்வாராய்ச்சியாற் கற்ற பெரும் பாடம்.

நாற்பது ஆண்டுகளின் பின், 2010ஆம் ஆண்டில், வேறு அறிஞர் அந்த 480 பேரையும் தேடினர். 75 பேரையே மீண்டும் சோதிக்க முடிந்தது. அம்முடிவுகள் 2017இல் வெளிவந்தன.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்த என் பாட்டனார் நாற்பத்தைந்து வயதிலேயே பல்லிழந்தவர். அதனை முதுமையின் வரவு என்றும், குடும்பத்துக்கு வாய்த்த விதி என்றும் எங்கள் வீட்டார் நம்பியிருந்தனர். வெற்றிலையைச் சிறு உரலிலிட்டு இடித்து வாயிலிடுவார். அவர் கூறும் கதைகளிற் பாதி எங்களுக்கு விளங்கா, விளங்கியதுபோலத் தலையசைப்போம். அது விதியன்று, துலக்கினால் தடுக்கத்தக்க நோய் என்பதை உலகம் அறிந்துகொண்டது அவரையொத்த மனிதரின் வாயைப் பார்த்தே. உலகம் அவர்களிடம் கற்ற பாடம் அவர்களின் பேரப்பிள்ளைகளை இன்னும் முழுமையாக வந்தடையவில்லை என்பதே என் ஆற்றாமை.

இழந்த பல்லுக்கு ஈடு

பல்லை இழந்தவர்க்கு உள்ள வழிகள் மூன்று. முதலாவது கட்டுப்பல். கழற்றி மாட்டத்தக்க தகட்டிற் பற்களைப் பதித்துச் செய்வது, செலவு குறைந்தது. ஆயினும் எலும்பு கரையக் கரையத் தளர்ந்து ஆடும். இரண்டாவது பாலம். போன பல்லின் இருபுறத்துப் பற்களையும் அராவிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் முடியிட்டு, நடுவே பொய்ப்பல்லைத் தொங்கவிடுவது. கழற்றும் தொல்லை இல்லை. ஆனால் குற்றமற்ற அயற்பற்களை அராவுதல் வேண்டும். மூன்றாவதே உலோக வேர் ஊன்றி முடியமைக்கும் முறை. இஃது அயற்பல்லை நாடாது தன் காலில் தானே நிற்கும்.

பல்லுக்குப் பதிலாக வேறு பொருளை ஊன்றும் எண்ணம் புதியதன்று. மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டூராஸ் நாட்டில் 1931ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுத்த பழைய மாயர் தாடையெலும்பு ஒன்றில், வெட்டும்பற்களின் இடத்தில் சிப்பியைப் பல்லுருவாகச் செதுக்கிய மூன்று துண்டுகள் பதிந்திருந்தன. அது கி. பி. 600ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது என்பர். பிற்காலத்தில் பொன், தந்தம் முதலிய பல பொருள்களை முயன்று பார்த்தனர். உடல் அவற்றை அயலானாகவே கருதி, காலப்போக்கில் வெளித்தள்ளிவிட்டது.

எலும்போடு உறவாடும் உலோகம்

வழி திறந்தது வேறோர் ஆராய்ச்சியில். சுவீடன் நாட்டுப் பேர்-இங்வார் பிரோனமார்க் என்னும் அறிஞர் 1952ஆம் ஆண்டில் உயிருள்ள எலும்பிற் குருதி ஓடும் விதத்தைக் காண விரும்பி, முயலின் கால் எலும்பில் தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான நுண்கருவியைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்ததும் கருவியை எடுக்க முயன்றார், அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தைத் தன்னுள் ஒன்றாக ஏற்று இறுகப் பற்றியிருந்தது.

பிறராயின் கருவி பழுதாயிற்றே என்று வருந்தி விட்டிருப்பர். பிரோனமார்க்கோ, எலும்பு விடாது பற்றும் பொருளிற் பல்லை ஊன்றலாமே என்று எண்ணினார். பல ஆண்டுச் சோதனைகளின் பின், 1965ஆம் ஆண்டில் கோதன்பர்க் நகரத்தில் முதன்முதலாக ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் நான்கு தைத்தேனிய வேர்களை ஊன்றினார். அவ்வேர்கள் அம்மனிதர் 2006ஆம் ஆண்டில் இறக்கும்வரை பயன்பட்டன. ஆயினும் உலக வைத்தியர் இம்முறையை நம்பப் பல ஆண்டுகள் சென்றன. 1982ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடந்த மாநாட்டின் பின்னரே அது பரவலாயிற்று.

ஈற்று நோயின் காரணத்தை லோ மெய்ப்பித்ததும், பிரோனமார்க் முதல் வேரை ஊன்றியதும் அதே 1965ஆம் ஆண்டில். காக்கும் வழியும் ஈடுசெய்யும் வழியும் ஒருங்கே பிறந்தன.

தைத்தேனியத்தின் மூலப்பொருள் நம் நாட்டிலும் உண்டு. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கரையிற் கறுத்து மின்னும் இல்மனைற்று மணலிலே அவ்வுலோகம் அடங்கியுள்ளது. அம்மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி வந்துள்ளது.

ஊன்றும் முறை

வைத்தியர் முதலில் வாய் முழுவதையும் சோதித்து ஊடுகதிர்ப் படம் எடுப்பார். எலும்பின் உயரமும் அகலமும் போதுமானவையா, கீழ்த்தாடையில் நரம்பு ஓடும் வழி எங்கே, மேல்தாடைக்கு மேலுள்ள காற்றறை எவ்வளவு அண்மையில் உள்ளது என்பவற்றை அறிவதற்கு அது வேண்டும். ஈற்றிலே நோயிருந்தால் அதனைத் தீர்த்த பின்னரே அடுத்த படி.

பின்னர் விறைப்பு ஊசியிட்டு, ஈற்றைச் சிறிது திறந்து, எலும்பிற் குழி துளைப்பர். துளைக்கும்போது குளிர்நீர் இடையறாது பாய்தல் வேண்டும். எலும்பு ஒரு நிமிட நேரம் 47 பாகை செல்சியசு அளவுக்குச் சூடேறினாலே கெடும். அக்குழியினுள் திருகாணி வடிவான தைத்தேனிய வேரை இறுக்குவர். அது பெரும்பாலும் மூன்றரை முதல் ஐந்து மில்லிமீற்றர் விட்டமும், 8 முதல் 13 மில்லிமீற்றர் நீளமும் உடையது.

அதன்பின் வேண்டுவது பொறுமை. எலும்பு உலோகத்தைத் தழுவி வளரப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். உறவு உறுதியானபின் வேரின் மேல் ஒரு சிறு தண்டை இணைத்து, வாயின் அச்செடுத்து, பீங்கானாலோ சேர்க்கோனியாவினாலோ பல்முடி செய்து பொருத்துவர். நிறமும் உருவும் அயற்பல்லோடு ஒத்திருக்கும்.

பல்முடி என்பது ஊன்றிய வேருக்கு மட்டும் உரியதன்று. முடி உடைந்தும் வேர் நலமாயிருக்கும் இயற்கைப் பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்து, மேலே முடியிட்டுக் காக்கலாம். காக்கத்தக்க பல்லைப் பிடுங்கிவிட்டு உலோகம் ஊன்றுதல், வாழத்தக்க வீட்டை இடித்துவிட்டுக் கூடாரம் அடிப்பதை ஒக்கும்.

அதன் எல்லை

இம்முறையின் வெற்றியைக் கண்டு அதனை இயற்கைப் பல்லுக்கு இணை என்று எண்ணிவிடலாகாது. உலோக வேரைச் சூழ ஊஞ்சற் கயிறு போன்ற நார்ப்படலம் இல்லை. ஆகவே இயற்கைப் பல்லின் நுண்ணுணர்வும் இல்லை. அதற்குச் சொத்தை வாராது. ஆனால் அதனைச் சூழ்ந்த ஈற்றுக்கும் எலும்புக்கும் நோய் வரும். துலக்காத வாயில் இயற்கைப் பல்லைச் சாய்த்த அதே படலம் உலோக வேரையும் சாய்க்கும். ஈற்று நோயாற் பல்லிழந்தவர்க்கு அவ்வாபத்து ஏனையோரினும் மிகுதி.

புகைப்பவர்க்கும், கட்டுக்கடங்காத நீரிழிவு உடையவர்க்கும் புண் ஆறுவது அரிது. தாடையிற் கதிர்ச்சிகிச்சை பெற்றவரும், எலும்பைப் பலப்படுத்தும் சிலவகை மருந்துகளை உட்கொள்பவரும் வைத்தியரிடம் அதனை மறைக்கலாகாது. தாடை வளர்ந்து முடியாத இளைஞர்க்கு ஊன்றுதல் தகாது. வளரும் தாடையோடு சேர்ந்து வளராத வேர் பின்னர் பள்ளத்தில் நிற்கும்.

போன பல் ஒவ்வொன்றையும் ஈடுசெய்தே தீரவேண்டும் என்பதுமில்லை. இருபது பற்கள் நன்னிலையில் இருந்தால் உண்ணவும் உரைக்கவும் பெரும்பாலும் போதும் என்பர். யப்பான் நாட்டார் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கத்தின் குறிக்கோளும், எண்பது வயதில் இருபது சொந்தப் பற்கள் என்பதே.

இனிச் செலவு. நம் நாட்டில் இச்சிகிச்சை பெரும்பாலும் தனியார் வைத்திய நிலையங்களிலேயே நடைபெறுகின்றது. ஒரு பல்லை ஊன்றி முடியமைக்கத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் சில மாதச் சம்பளம் வேண்டும். யானும் அதனை விரும்பியே பல் வைத்தியரை நாடினேன். அவர் என் ஈற்றைச் சோதித்துவிட்டு, "வீடு கட்டுமுன் நிலத்தைத் திருத்துவோம், ஐயா" என்றார். பல மாதம் காறை நீக்கிச் சிகிச்சை பெற்றேன். ஏனைய பற்கள் ஆடுவது நின்றது. இன்று யான் அணிந்திருப்பது கட்டுப்பல்லே. வாடை மீண்டும் வாடையாயிற்று, வயலும் வயலாயிற்று. உலோக வேரை ஊன்றும் காலம் வந்தால் ஊன்றுவேன். அதற்குரிய நிலம் இப்போது திருந்தியிருக்கின்றது.

நாம் செய்யவேண்டுவன

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்றும், நாலடியும் குறளும் சொல்லுக்கு உறுதி என்றும் முன்னோர் ஒரே மூச்சிற் கூறினர். பின்னதைக் கற்பிக்கக் கல்லூரி இருக்கின்றது. முன்னதையும் அங்கேயே கற்பித்தலில் என்ன குறை?

மாணவர்களே, மென்மையான தூரிகையும் புளோரைட்டு அடங்கிய பற்பசையும் கொண்டு, காலையும் படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். பல்லும் ஈறும் கூடும் ஓரத்தில் தூரிகை படவேண்டும். செங்கற்றூளும் கரியும் மிளிரியைத் தேய்ப்பன, அவற்றை விடுங்கள். ஈற்றிற் குருதி கசிந்தாற் துலக்குவதை நிறுத்தாதீர்கள். அதுவே துலக்கப் போதவில்லை என்பதற்கு அறிகுறி. வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கத்தைத் தொடங்காதீர்கள். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அது புற்றுநோய்க்குக் காரணம் என்பதை உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியுள்ளது. எழுபதுகளில் தோட்டத்தார் அறியாத சொத்தையை இன்று லயத்துக் கடையின் இனிப்புகள் பிள்ளைகளுக்கு அறிமுகஞ் செய்கின்றன என்பதையும் மறவாதீர்கள்.

பெற்றோர்களே, காறையை நீக்கினாற் பல் ஆடும் என்னும் நம்பிக்கை தவறானது. ஆடும் பல்லைக் காறை மறைத்துக்கொண்டிருக்கும். அது நீங்கியதும் உள்ள நிலை வெளிப்படும், அவ்வளவே. பதுளை வைத்தியசாலையிலும் பிற அரசாங்க வைத்தியசாலைகளிலும் பற்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் துணையோடு வளர்ந்த பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவையும் பிள்ளைகளுக்கென உள்ளது. அரிய நோயாயின் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்தியசாலை நமக்கு எட்டாத தொலைவிலன்று. பிள்ளைக்குப் பல் வலித்த பின் ஒருநாட் சம்பளத்தை இழந்து பிடுங்குவிக்கச் செல்வதினும், வலிக்குமுன் ஒருமுறை காட்டச் செல்வது மேல்.

ஆசிரிய நண்பர்களே, வாசிக்க எழும்பாத மாணவன் பாடம் தெரியாதவன் என்று முடிவு செய்யுமுன், அவன் வாயைத் திறக்க நாணுகின்றானா என்று பாருங்கள். முன்பல் உடைந்த பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டே பேசும். மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொள்ளும். கல்வி அவ்விடத்தில் நின்றுபோவதுண்டு.

பழைய மாணவப் பெருமக்களே, உங்களுள் வைத்தியர் உளர், வணிகர் உளர், கடல் கடந்து வாழ்வோர் உளர். ஒரு பல்லை ஊன்றி முடியமைக்கும் செலவில் ஒரு தோட்டப் பாடசாலையின் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பற்றூரிகை வாங்கலாம். ஆண்டுக்கு ஒருநாள், பசறையிலோ லுணுகலையிலோ அப்புத்தளையிலோ ஒரு தோட்டப் பாடசாலையில், பல் வைத்தியர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளின் வாயைச் சோதிக்கச் செய்யுங்கள். சங்கம் இவ்விழாவின் நினைவாக அதனைத் தொடங்குமாயின், எழுத்தறிவித்த கல்லூரிக்கு எழுத்துப் பிறக்கும் இடத்தைக் காத்துக் கொடுத்த கைம்மாறாக அஃது அமையும்.

உலோகத்தை எலும்பு தன் உறவாக ஏற்றுக்கொள்ளும் விந்தையை அறிவியல் நமக்குத் தந்தது. அது பல்லிழந்தோர்க்குப் பெருங்கொடை. பல்லிழவாதிருக்கும் வழியையும் அதே அறிவியல் தந்தது. அதனை நம் தேயிலைத் தோட்டத்து மக்களைப் பார்த்தே உலகம் உறுதிசெய்துகொண்டது. பாட்டன்மார் பல்லிழந்து ஈட்டித்தந்த அப்பாடத்தைப் பேரப்பிள்ளைகள் பல்லோடிருந்து படிக்கட்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் சொல்!